28 வயசுல எம்.ஏ. மியூசிக்: ஃபீஸ் பிரச்சினையில்லை, ஒண்ணாம் தேதிதான் பிரச்சினை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. என் ரூம்மேட் லேப்டாப்பில் ரெண்டு டேப் திறந்து வெச்சிருந்தா. ஒண்ணு, எம்.ஏ. இசைப் படிப்புக்கான விண்ணப்பம். இன்னொண்ணு, அவளோட மாதச் செலவு எக்ஸெல் ஷீட். அரை மணி நேரமா ரெண்டுக்கும் மாறி மாறிப் போய்ட்டு வந்துகிட்டு இருந்தா. கடைசியில விண்ணப்பத்தை மூடிட்டா.

"ஃபீஸ்கூட கட்டிடலாம்டி. ஒண்ணாம் தேதிதான் பயமா இருக்கு"ன்னா.

அவ கும்பகோணத்துப் பொண்ணு. வயசு 28. 12 வருஷம் வயலின் கத்துகிட்டவ. பி.காம். முடிச்சு, இப்போ ஓ.எம்.ஆர்.ல ஒரு நிறுவனத்தில் வேலை. அப்பாவோட ஆபரேஷனுக்கு வாங்கின பெர்சனல் லோன் இன்னும் ஓடிட்டு இருக்கு. தம்பி இன்ஜினியரிங் மூணாவது வருஷம். இப்படி ஒருத்தி வேலையை விட்டுட்டு ரெண்டு வருஷம் இசை படிக்கப் போகலாமா?

உண்மையைச் சொல்றேன். அவ முதல் தடவை கேட்டப்போ, "ஏதாவது ஆன்லைன் கோர்ஸ் பண்ணேன்"னு அலட்சியமா பதில் சொன்னவதான் நானும். அப்புறம் அவகூட உட்கார்ந்து கணக்குப் போட்டோம், விதிமுறைகளைப் படிச்சோம். என் கருத்து மாறிடுச்சு. சம்பாதிக்கிற வயசுல இசைப் பட்ட மேற்படிப்புக்குத் திரும்புறது பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனா நம்ம ஊர் ஏற்பாடு, மாணவர்னா அவருக்கு இ.எம்.ஐ. இருக்காது, அவரை நம்பி யாரும் இருக்க மாட்டாங்கன்னு நினைச்சு வடிவமைக்கப்பட்டிருக்கு. மாத்த வேண்டியது அதைத்தான். எப்படின்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல, சங்கீதத்துக்கு டிகிரி எதுக்கு?

நியாயமான கேள்வி. மேடையில் பாடவோ வாசிக்கவோ யாரும் மார்க்‌ஷீட் கேட்கிறதில்லை. சஞ்சய் சுப்ரமண்யன் பட்டயக் கணக்காளர் படிப்பு முடிச்சவர். மிருதங்க மேதை உமையாள்புரம் சிவராமன் சட்டப் பட்டதாரி. நல்ல குரு, நல்ல கேள்வி ஞானம், விடாத சாதகம். கச்சேரிக்கு இந்த மூணும்தான் வேணும்.

ஆனா இசையை வெச்சுப் பிழைக்கிற எல்லாரும் கச்சேரி மட்டும் பண்றதில்லையே. கல்லூரியில் இசை கற்பிக்கணும்னா பட்டம் தேவை. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் ஆக, முதுகலையில் 55 சதவீத மதிப்பெண்ணும் நெட் போன்ற தகுதித் தேர்விலோ, உரிய விதிப்படி பெற்ற முனைவர் பட்டத்திலோ ஒண்ணும் வேணும். இசை போன்ற கலைத் துறைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கு. இளங்கலைப் பட்டம் பெற்று, பேர்பெற்ற குருவிடம் பயின்று, அகில இந்திய வானொலியிலோ தூர்தர்ஷனிலோ 'ஏ' கிரேடு கலைஞராக இருந்து, பாடத்தைத் தர்க்கரீதியா விளக்கிக் கற்பிக்கும் திறனும் இருந்தா அவங்களும் தகுதி பெறலாம். ஆனா 'ஏ' கிரேடுக்குப் போறதே பல வருஷ உழைப்பு. வேலை பார்த்துகிட்டே சாயங்காலம் ஒரு மணி நேரம் வாசிக்கிற ஒருத்தருக்கு அது எவ்வளவு தூரம்னு யோசிங்க.

வேலைக்காக மட்டும் பட்டம் தேவைப்படுதுன்னும் சொல்ல முடியாது. என் தோழிக்கு ராகம் வாசிக்கத் தெரியும். அந்த ராகம் நூறு வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்தது, பண்ணுக்கும் அதுக்கும் என்ன உறவு, பழைய நூல்கள் அதைப் பத்தி என்ன சொல்லுது? இதையெல்லாம் ஒழுங்கா, ஒருத்தர் வழிகாட்டப் படிக்கணும்னு அவளுக்கு ஆசை. அந்த ஆசைக்கு 28 வயசு அதிகமில்லை.

பி.காம். படிச்சவங்க எம்.ஏ. இசையில் சேர முடியுமா? இடத்துக்கு இடம் விதி மாறும். இளங்கலையிலேயே இசை படிச்சிருக்கணும்னு கேட்கிற இடமும் உண்டு. வேற பாடம் படிச்சவங்களை, பாடவோ வாசிக்கவோ சொல்லித் திறனைச் சோதிச்சு சேர்க்கிற இடமும் உண்டு. விண்ணப்பிக்கும் முன்னாடி அந்த வருஷத்து கையேட்டைப் படிக்கிறதுதான் பாதுகாப்பு.

கட்டணம் குறைவா இருக்கக் காரணம் என்ன?

தமிழ்நாட்டில் இசைக் கல்விக்குப் பின்னாடி நீண்ட வரலாறு இருக்கு. சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் 1929-ல் இசைக் கல்லூரி தொடங்கினார். சென்னையில் 1949-ல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு அரசின் கர்நாடக இசைக் கல்லூரி வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைக்குன்னு தனித் துறையே இருக்கு. 2013-ல் சட்டம் இயற்றி இசைக்கும் கவின்கலைக்கும் ஒரு பல்கலைக்கழகத்தை மாநில அரசு உருவாக்கியது.

இவ்வளவு பொதுப் பணம் போட்டு வளர்த்த துறை என்பதால், அரசு சார்ந்த இடங்களில் கட்டணம் பெருசா இருக்கறதில்லை. என் தோழி விசாரிச்ச இடத்தில், தேர்வுக் கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்த்து ரெண்டு வருஷத்துக்கு ரூ.45,000 ஒதுக்கினா போதும்னு கணக்குப் போட்டா. அது அவளோட ஒரு மாசச் சம்பளத்தைவிடக் குறைவு.

அப்போ எங்கே இடிக்குது? வாங்க, அந்த எக்ஸெல் ஷீட்டைப் பார்ப்போம். அவ அனுமதியோடதான் எழுதுறேன்.

ஒரு நிஜக் கணக்கு

கைக்கு வர்ற சம்பளம் ரூ.52,000. வீட்டுக்கு அனுப்புறது ரூ.15,000. வாடகை, சாப்பாடு ரூ.9,000. லோன் இ.எம்.ஐ. ரூ.8,400, இன்னும் 12 மாசம் பாக்கி. இன்ஷூரன்ஸ் ரூ.1,500. போக்குவரத்து, போன் ரூ.3,500. வயலின் வாத்தியாருக்கு ரூ.3,000. மொத்தம் ரூ.40,400. மிச்சம் ரூ.11,600. கையிருப்பு ரூ.3,20,000. அதில் ஒரு பகுதியை அவங்க அம்மா "கல்யாணத்துக்கு வெச்ச காசு"ன்னு சொல்றாங்க. அது தனிக் கதை.

படிக்கும்போது செலவைச் சுருக்கினா எவ்வளவு ஆகும்? வீட்டுக்கு அனுப்புறதைக் குறைக்க முடியாது. வாடகை, சாப்பாடும் அப்படியே. போக்குவரத்து, போனை ரூ.2,000-க்குள் அடக்கலாம். வாத்தியார், "படிச்சு முடி, அப்புறம் பார்த்துக்கலாம்"னுட்டார். ஆக இ.எம்.ஐ. இல்லாமலே மாசம் ரூ.27,500 வேணும். 24 மாசத்துக்கு ரூ.6,60,000.

வருமானத்துக்கு வழி? சாயங்காலமும் வார இறுதியிலும் குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கலாம். தலைக்கு ரூ.1,500 வீதம் 8 பேர்னு வெச்சுகிட்டா மாசம் ரூ.12,000. ரெண்டு வருஷத்துக்கு ரூ.2,88,000.

இப்போ ரெண்டு வழியையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இந்த ஜூன்லயே சேர்ந்தா: வாழ்க்கைச் செலவு ரூ.6,60,000, மிச்ச இ.எம்.ஐ. ரூ.1,00,800, படிப்புச் செலவு ரூ.45,000. மொத்தம் ரூ.8,05,800. கையில் இருக்கிறதும் வரப்போறதும் சேர்த்து ரூ.6,08,000. துண்டு விழுறது ரூ.1,97,800.

அடுத்த ஜூன்ல சேர்ந்தா: இ.எம்.ஐ. முடிஞ்சிருக்கும். இந்த ஒரு வருஷச் சேமிப்பு ரூ.1,39,200 கூடியிருக்கும். தேவை ரூ.7,05,000. கையில் ரூ.7,47,200. மிச்சம் ரூ.42,200.

இன்னொரு விஷயமும் இருக்கு. அவ அந்த நிறுவனத்தில் சேர்ந்து 4 வருஷம் 2 மாசம் ஆகுது. 5 வருஷம் முடிச்சுட்டு விலகினா பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி கிடைக்கும். அடிப்படைச் சம்பளம் ரூ.22,000-ன்னா, அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினா ஒரு வருஷத்துக்கான தொகை வரும். 5 வருஷத்துக்கு சுமார் ரூ.63,000. இப்பவே விலகினா அதுவும் போச்சு.

ஆக, ஒரு வருஷம் காத்திருந்தா ரெண்டு லட்ச ரூபாய் பள்ளம், ஒரு லட்ச ரூபாய் கையிருப்பா மாறுது. இந்தக் கணக்கு அவளுக்கு மட்டுமானது. உங்க எண்கள் வேற மாதிரி இருக்கும். ஆனா "ஆசை இருந்தா போதும், குதிச்சிடு"ன்னு சொல்ற ரீல்ஸும், "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு"ன்னு சொல்ற சொந்தக்காரங்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே இல்லைங்கிறது மட்டும் நிச்சயம்.

இதுலயும் ஓட்டை இருக்கு. 8 பிள்ளைங்க முதல் மாசத்திலேயே வந்து நிக்கப் போறதில்லை. அப்பாவுக்குத் திரும்ப ஒரு ஆஸ்பத்திரி அட்மிஷன் வந்தா அந்த ஒரு லட்சம் ஒரு வாரம்கூடத் தாங்காது. வேலையை விட்டா நிறுவனத்தின் குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸும் போயிடும். பலருடைய வீட்டில் அப்பா, அம்மாவுக்கு இருக்கிற ஒரே மருத்துவப் பாதுகாப்பு அதுதான்.

கல்விக் கடன் வாங்கலாமே?

வாங்கலாம். ரூ.4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்து ஈடு கேட்கக் கூடாது. பொதுவா படிப்புக் காலமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை, வட்டி மட்டும் சேர்ந்துகிட்டே வரும். பழைய வரிமுறையில் இருக்கிறவங்களுக்கு, கட்டுற வட்டி முழுவதுக்கும் அதிகபட்சம் 8 வருஷம் வரை வருமான வரிக் கழிவு உண்டு. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80-இ பிரிவில் வந்த சலுகை இது. புதிய வரிமுறையில் இது கிடையாது.

ஆனா கல்விக் கடன் எதுக்குக் கிடைக்கும்? கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி, புத்தகம், கருவிகள். வீட்டுக்கு அனுப்புற ரூ.15,000-க்குக் கிடைக்காது. ஏற்கெனவே ஓடுற இ.எம்.ஐ.க்குக் கிடைக்காது. தம்பி செமஸ்டர் ஃபீஸுக்கு உங்க பேர்ல கிடைக்காது.

எம்.பி.ஏ.க்கு ரூ.20 லட்சம் கட்டணம்னா கல்விக் கடன் பெரிய உதவி. கட்டணம் ரூ.45,000, வாழ்க்கைச் செலவு ரூ.6,60,000-ன்னு இருக்கிற இசை மாணவருக்கு அது கிட்டத்தட்ட உதவவே உதவாது. இவங்களுக்குத் தேவை படிக்கிற காலத்துக்கான வருமானம். அதுக்கு ஒரே வழி பெர்சனல் லோனோ கிரெடிட் கார்டோன்னு தோணுச்சுன்னா, அந்த இடத்திலேயே நின்னுடுங்க. மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி ஏறுற கார்டு பாக்கியை, மாசம் 12,000 ரூபாய் ட்யூஷன் வருமானத்தில் அடைக்கவே முடியாது.

உதவித்தொகை இருக்கா?

இருக்கு. ஆனா வயசைப் பாருங்க.

மத்திய கலாச்சார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு மாசம் ரூ.5,000 வீதம் ரெண்டு வருஷம் உதவித்தொகை தருது. வயசு வரம்பு 18 முதல் 25. வேலைக்குப் போய், வீட்டுக் கடனை ஓரளவு அடைச்சுட்டுத் திரும்பி வர்றவங்களுக்கு 25 வயசு தாண்டியிருக்கும்னு சொல்லவே வேண்டாம்.

அதே அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெல்லோஷிப் 25 முதல் 40 வயசுக்காரங்களுக்கு மாசம் ரூ.10,000, 40-க்கு மேல சீனியர் ஃபெல்லோஷிப் ரூ.20,000. இது ரெண்டும் பட்டப் படிப்புக்கான உதவி இல்லை, கலைத் துறையில் ஓர் ஆய்வுத் திட்டத்தைச் செய்ய. ஏற்கெனவே துறையில் இருக்கிறவங்களுக்கு நல்ல வாய்ப்பு. முதுகலை முதல் வருஷ மாணவருக்குப் பொருந்தாது.

அடுத்தது நெட் தேர்வு வழியா வர்ற ஜே.ஆர்.எஃப். முனைவர் பட்ட ஆய்வுக்கு முதல் ரெண்டு வருஷம் மாசம் ரூ.37,000, அப்புறம் ரூ.42,000. நிஜமாவே வாழக்கூடிய தொகை. பொதுப் பிரிவு ஆண்களுக்கு வயசு வரம்பு 30. பெண்கள், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. உள்ளிட்ட பிரிவினருக்கு 5 வருஷத் தளர்வு. அதாவது 29 வயசுல எம்.ஏ. சேர்ந்து 31-ல் முடிக்கிற என் தோழிக்கு ஜே.ஆர்.எஃப். கதவு இன்னும் திறந்திருக்கும். அதே வயசுல முடிக்கிற பொதுப் பிரிவு ஆணுக்குப் பொதுவா மூடியிருக்கும்.

மொத்தத்தில், 25 வயசுக்கு முன்னாடி ஒரு உதவி, எம்.ஏ. முடிச்ச அப்புறம் ஒரு உதவி. நடுவுல அந்த ரெண்டு வருஷத்தைக் கடக்கிறதுக்குத்தான் இந்தத் திட்டங்களில் ஒண்ணும் இல்லை.

வேலை பார்த்துகிட்டே படிச்சா என்ன?

இதைத்தான் எல்லாரும் கேட்கிறாங்க. பதில் ரொம்ப எளிது: வருகைப் பதிவு. நம்ம பல்கலைக்கழகங்களில் பொதுவா 75 சதவீத வருகை வேணும். அதுக்குக் கொஞ்சம் கீழே போனா அபராதம் கட்டி விலக்கு வாங்கலாம், ரொம்பக் குறைஞ்சா தேர்வே எழுத முடியாது. வகுப்பு பகல்ல. அலுவலகமும் பகல்ல. நைட் ஷிஃப்ட் பார்த்துட்டுக் காலையில் வகுப்புக்குப் போறவங்களும் இருக்காங்க. அப்படி ரெண்டு வருஷம் தூங்காம இருந்தா கையில் வில் நிக்குமா?

இங்கேதான் எனக்குக் கோபம் வருது. ஏன்னா, முனைவர் பட்டத்தைப் பகுதி நேரமா படிக்கலாம்! யு.ஜி.சி.யின் 2022 முனைவர் பட்ட விதிமுறைகள் அதைத் தெளிவா அனுமதிக்குது. வேலை பார்க்கிற இடத்திலிருந்து தடையில்லாச் சான்று கொடுத்தா போதும். தமிழ்நாட்டில் டிப்ளமோ முடிச்சு வேலை பார்க்கிறவங்களுக்காகப் பகுதி நேர பி.இ. பல வருஷமா நடக்குது. சாயங்காலம் ஆலையிலிருந்து நேரா வகுப்புக்குப் போய் இன்ஜினியர் ஆனவங்க எத்தனையோ பேர். வணிகவியல், கணினிப் படிப்புகளுக்குச் சென்னைக் கல்லூரிகளில் ரெண்டாவது ஷிஃப்ட் நடக்குது.

இன்ஜினியரிங்கை சாயங்காலம் படிக்கலாம், ஆராய்ச்சியைப் பகுதி நேரமா பண்ணலாம். எம்.ஏ. இசையை மட்டும் ஏன் வார நாள் பகல்லதான் படிக்கணும்?

எதிர்வாதங்கள் என்ன?

இதை இசை கற்பிக்கிற ரெண்டு பேரிடம் கேட்டேன். ரெண்டு எதிர்வாதம் வந்தது. ரெண்டிலும் நியாயம் இருக்கு.

முதலாவது, இசைக்கு முழு நேர மூழ்கல் வேணும், அரைகுறையா படிச்சா தரம் போயிடும் என்பது. சரிதான். அதனாலதான் அதே பாடத்திட்டத்தை ரெண்டு வருஷத்துக்குப் பதிலா மூணு வருஷத்துக்கு நீட்டணும்னு சொல்றேன். பாடத்தைக் குறைக்கச் சொல்லலை, தேர்வை எளிமையாக்கச் சொல்லலை. தவிர, 12 வருஷம் குருவிடம் கத்துகிட்டு வர்ற 28 வயசுக்காரரை அரைகுறைன்னு எப்படிச் சொல்ல முடியும்?

ரெண்டாவது, நடைமுறைச் சிக்கல். இசைப் பேராசிரியர்கள் பலர் கச்சேரி செய்யும் கலைஞர்கள். சென்னையில் கச்சேரி நடக்கிறதே சாயங்காலம்தான். மார்கழியில் கேட்கவே வேண்டாம். மாலை வகுப்புன்னா யார் வருவாங்க? இது நிஜமான பிரச்சினை. ஆனா காலை 7 முதல் 9 வரைக்கும், சனி, ஞாயிறு காலையும் இருக்கே. காலை வேளை சாதகத்துக்கு உகந்ததுன்னு காலங்காலமா சொல்றவங்க நாமதானே? டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரை விடுமுறை விட்டுட்டு, அந்த நாட்களை மே மாசத்தில் ஈடுகட்டலாம். கச்சேரிகளைக் கேட்டு எழுதுற குறிப்புகளையே ஒரு பயிற்சித் தாளா வைக்கலாம்.

கற்பித்துக்கொண்டே படித்த முன்னோடிகள்

நடு வயசுல பட்டப் படிப்புக்குத் திரும்புறது நம்ம இசை உலகத்துக்குப் புதுசும் இல்லை. இசை அறிஞர் எஸ். ராமநாதன் 1917-ல் பிறந்தவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் வாங்கினது 1970-களில், 50 வயசைத் தாண்டின பிறகு. ஆய்வுப் பொருள் சிலப்பதிகாரத்தின் இசை. வீணை தனம்மாளின் பேரனும் பாலசரஸ்வதியின் தம்பியுமான புல்லாங்குழல் கலைஞர் டி. விஸ்வநாதன் 1960-களில் சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைமை வகிச்சவர். அதுக்கு அப்புறம், 45 வயசைத் தாண்டி, அதே வெஸ்லியனில் முனைவர் பட்டம் வாங்கினார்.

ரெண்டு பேரும் அந்தப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர்கள். இன்னைக்கும் அமெரிக்காவில் முனைவர் பட்ட மாணவர்கள் பலருக்குக் கட்டண விலக்கும், கற்பித்தல் உதவியாளராக ஒரு சம்பளமும் சேர்ந்தே கிடைக்குது.

நாமளும் அதைச் சின்ன அளவில் செய்யலாம். அரசுப் பள்ளிகளில், மாவட்ட இசைப் பள்ளிகளில் இசை சொல்லிக் கொடுக்க ஆள் வேணும். எம்.ஏ. மாணவர்களுக்கு வாரம் 8 மணி நேரம் அங்கே கற்பிக்கும் பணியைக் கொடுத்து, மாசம் ஒரு தொகை தரலாம். பள்ளிக் குழந்தைக்குப் பாட்டு, மாணவருக்கு வாடகை, கூடவே கற்பித்த அனுபவம். இதுக்குப் புதுக் கட்டடம்கூட வேண்டாம்.

சரி, அதுவரைக்கும் நீங்க என்ன பண்ணலாம்?

விதிமுறை மாறுற வரைக்கும் யாரும் காத்திருக்க முடியாது. நாங்க கணக்குப் போட்டதிலிருந்து கத்துகிட்டது இது:

1. ராஜினாமா தேதியை உங்க மனநிலை தீர்மானிக்க வேண்டாம், இ.எம்.ஐ. முடியுற தேதி தீர்மானிக்கட்டும். இசைப் படிப்புக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் சேர்க்கை. ஒரு வருஷம் தள்ளிப்போட்டா வாழ்க்கை முடிஞ்சிடாது.

2. வேலையை விடுறதுக்கு முன்னாடியே அப்பா, அம்மாவுக்குத் தனியா மருத்துவக் காப்பீடு எடுத்துடுங்க. ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அதனால எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

3. ட்யூஷன் வருமானத்தை எக்ஸெல்ல மட்டும் நம்பாதீங்க. வேலையில் இருக்கும்போதே வார இறுதியில் 3, 4 பிள்ளைங்களோட ஆரம்பிங்க. உங்களுக்குக் கற்பிக்க வருதா, பிடிக்குதான்னும் அப்போ தெரிஞ்சிடும்.

4. ஹெச்.ஆரிடம் ஒரு வார்த்தை கேளுங்க. நீண்ட கால ஊதியமில்லா விடுப்பு, பகுதி நேர வேலை, ஒப்பந்த வேலை எல்லாம் சில நிறுவனங்களில் உண்டு. கேட்டா 'இல்லை'ன்னு சொல்லுவாங்க, அவ்வளவுதானே.

5. பி.எஃப். பணத்தில் கை வைக்கிறது கடைசி வழியா இருக்கட்டும். 5 வருஷத் தொடர் பணிக்கு முன்னாடி மொத்தமா எடுத்தா பொதுவா வரியும் வரும்.

6. வீட்டில் எண்களோட பேசுங்க. "எனக்கு மியூசிக்னா உயிர்"னு சொன்னா அம்மா பயப்படுவாங்க. "24 மாசமும் ஒண்ணாம் தேதி உங்களுக்கு ரூ.15,000 வந்துடும், இதோ கணக்கு"ன்னு காட்டினா குறைஞ்சது உட்கார்ந்து கேட்பாங்க.

7. படிப்பு முடிஞ்ச அடுத்த நாள் என்ன வேலைன்னு இப்பவே யோசிங்க. நெட் தேர்வா, பள்ளியில் இசை ஆசிரியரா, திரும்பப் பழைய துறைக்கா? திரும்பப் போறதில் வெட்கமே இல்லை. ஆனா ரெண்டு வருஷ இடைவெளிக்கு அப்புறம் பழைய சம்பளமே கிடைக்கும்னு கணக்குல எழுதிடாதீங்க.

எல்லாம் பண்ணியும் கணக்கு இடிக்கலாம். சிலருக்கு இ.எம்.ஐ. 12 மாசத்தில் முடியாது, 12 வருஷம் இருக்கும். வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருத்தர்தான்னு இருக்கும். அவங்ககிட்ட "திட்டம் போட்டா எல்லாம் முடியும்"னு சொல்றது ஏமாத்துறதுதான். அவங்களுக்குத் தேவை என்னோட 7 யோசனை இல்லை, வேலையை விடாமலே சேரக்கூடிய ஒரு வகுப்பு. சனி, ஞாயிறு காலையில் ரெண்டு அறையையும் ரெண்டு பேராசிரியர்களையும் வெச்சு ஒரு பல்கலைக்கழகம் ஆரம்பிச்சுப் பார்த்தாலே எவ்வளவு பேர் வர்றாங்கன்னு தெரிஞ்சிடும்.

என் தோழி இந்த ஜூன்ல விண்ணப்பிக்கலை. அம்மாவுக்கு அந்த எக்ஸெல் ஷீட்டை வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கா. "பார்க்கலாம்"னு ஒரு வார்த்தை பதில் வந்திருக்கு. எங்க ஊர் அம்மாக்கள் பாஷையில் அது 'முடியாது' இல்லை. போன சனிக்கிழமை எங்க ஹாலில் ரெண்டு குழந்தைகள் வயலினோட வந்து உட்கார்ந்திருந்தாங்க. சரளி வரிசை. காது வலிச்சது. 8 பேர்ல 2 பேர் வந்தாச்சு, இன்னும் 6 பேர் வரணும்.